அம்மா நிற்காத கல்யாணப் படம்

படம் பிடிக்க வந்த சீனர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். என் சின்னத் தம்பியின் மூக்கைத் துடைக்கச் சொல்லிவிட்டு மறுபடி துணிக்குள் போனார்.

வீட்டு வாசலில், பந்தலுக்கு வெளியே, வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மூன்று வீடுகளில் இரவல் வாங்கிய நாற்காலிகள். ஒன்று உயரம், ஒன்று குட்டை. என் கணவரின் நாற்காலி உயரமானது. அதனால் தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகாத அந்த மனிதரை நான் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. ஈர மாலை கழுத்தில் கனத்தது. பின்கட்டிலிருந்து விறகுப் புகையும் சாம்பார் வாசனையும் வந்துகொண்டிருந்தன.

அப்பா பின்வரிசையில் ஓர் இடம் விட்டு நின்றார். மீனாட்சியக்காவை அனுப்பி அம்மாவைக் கூட்டி வரச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரியான மீனாட்சியக்கா ஓடினாள். தனியாகத் திரும்பி வந்தாள். அம்மா வரவில்லையாம், எங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாளாம் என்றாள்.

சீனர் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ஆயர் ஈத்தாமில் இன்னொரு கல்யாணத்துக்கு அவர் போயாக வேண்டும். எல்லோரும் வந்தாயிற்றா என்று மலாயில் கேட்டார்.

"செமுவா சூடா டத்தாங்?"

அப்பா ஒரு தரம் பின்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"சூடா," என்றார். வந்தாயிற்று.

விட்டிருந்த இடத்தில் மீனாட்சியக்கா போய் நின்றாள். நான் வாய் திறக்கவில்லை. மணப்பெண் பேசக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள்தான். ஆனால் அது காரணம் இல்லை. எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது.

ஆசிரியர் கேட்ட படம்

இந்தத் தொடரில் என் கல்யாணம் வரப்போகிறது என்று தெரிந்ததும், பத்திரிகை ஆசிரியர் கடிதம் எழுதியிருந்தார். பழைய கல்யாணப் படம் இருந்தால் கொடுங்கள், பக்கத்தில் போட்டால் வாசகர்கள் ரசிப்பார்கள் என்றார்.

படம் இருக்கிறது. அலமாரியில், துணிகளுக்கு அடியில், ஒரு பழுப்பு உறைக்குள் இருக்கிறது. கொடுக்க மனம் வரவில்லை. ஏன் என்று அவருக்கு எழுத உட்கார்ந்தேன். அது ஒரு கடிதத்தில் அடங்கவில்லை. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

வேலை போன வீட்டில் கல்யாணம்

போன வாரம் வேறு கதையில் இருந்தேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் கிடங்கில் கணக்கு எழுதும் கிராணி. ரப்பர் விலை விழுந்தது. கிடங்கில் மூட்டைகள் குறைந்தன. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். தோட்டத்து ஜனங்களைக் கப்பல் கப்பலாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாதக் கடைசியில் அப்பாவும் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

கல்யாணம் அதற்கு முன்பே பேசி முடித்தது. மாப்பிள்ளை, கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில், ரயில் பட்டறையில் பிட்டர். அவருடைய தாய் தகப்பன் ஊரில். இங்கே அவருக்குச் சித்தப்பா மட்டும்தான். சித்தப்பா நல்ல மனிதர், நகை வேண்டாம், சீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டறையில் தம்மோடு வேலை செய்கிறவர்களும் தெரிந்தவர்களுமாக நூற்றைம்பது பேர் வருவார்கள், வருகிறவர்கள் வயிறார ஒரு வேளை சாப்பிட்டுப் போக வேண்டும், அது போதும் என்றார். ஆகவே ஆட்களைக் குறைக்க வழியில்லை.

நல்ல காலத்தில் இந்த ஊர்க் கல்யாணங்கள் எப்படி நடந்தன என்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைத்தெருவில் ஒரு மளிகை வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து சமையற்காரர்களே கப்பலேறி வந்தார்கள். மூன்று நாள் பந்தி. மிஞ்சிய லட்டை ரிக்‌ஷாவில் ஏற்றி, தெரிந்த வீடு தெரியாத வீடு பார்க்காமல் கொடுத்து அனுப்பினார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு கூடை வந்தது. கொடுத்தவர்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டோம்.

லட்டைவிட எனக்கு நினைவில் நின்றது வேறொன்று. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவளின் அக்காளுக்குக் கல்யாணம் ஆகி, அந்தப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். அந்த அக்காள் சாதாரண முகம். மாவு சலிக்கும்போது பார்த்தால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். படத்தில் அவள் ஒரு ராணி. படத்தைப் பார்க்கவே நான் அந்த வீட்டுக்கு நாலைந்து தரம் போனேன். என்னையும் ஒருநாள் இப்படி ஒரு சட்டத்துக்குள் வைப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது பதினேழு வயது. வேறு என்ன நினைப்பேன்?

பட்டியல் எழுதியவள்

கல்யாணச் செலவுப் பட்டியலை எழுதியது நான்தான். ஏழாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன்.

அழைப்பிதழ் அச்சடிக்க வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அடித்தேன். ஜாங்கிரி வேண்டாம், பாயசம் போதும். அடித்தேன். இரண்டு நாதசுரம் இரண்டு தவில் என்பது ஒரு நாதசுரம் ஒரு தவில் ஆயிற்று. வாழையிலையை எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தன் தோட்டத்தில் வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டாள். விறகுக்குத் துறைமுகத்தில் உடைந்த பெட்டிப் பலகை சும்மாவே கிடைக்கும்.

கடைசியில் இரண்டுதான் நின்றன. சமையற்காரர் கூலி, படம் பிடிக்கிற கூலி.

சமையற்காரர் ஐந்து ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கேட்ட தொகை, கிடங்கில் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். படக்காரச் சீனர் மூன்று பிளேட் எடுப்பார். அந்தக் காலத்தில் ஒரு கண்ணாடி பிளேட் என்றால் ஒரு படம். அப்பா பென்சிலைக் கேட்டு வாங்கினார். படத்தை அவரே அடித்துவிட்டார்.

நான் அழவில்லை. பட்டியலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சமையலுக்கு ஆளு வேணாம்பா. அம்மாவும் மீனாட்சியக்காவும் செஞ்சா போதாதா? அந்தக் காசுல ஒரே ஒரு படம் எடுத்துக்கலாம்."

அம்மா அங்கேதான் இருந்தாள். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார்.

"நூத்தம்பது பேரு," என்றார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களோடு சேர்ந்து வருஷா வருஷம் சமைக்கிறவள்தானே என்று அம்மா தன்னைப் பற்றியே சொன்னாள். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள் என்று அப்பா நினைவுபடுத்தினார்.

"ஒரு வேளச் சோறுதானே. பொண்ணு ஆசப்படுறா," என்றாள் அம்மா.

அப்பா பென்சிலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். சமையற்காரர் என்ற வரியை அடித்தேன். அதற்குக் கீழே, படம் ஒன்று என்று எழுதினேன். அந்தக் கோடு போட்ட கை இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கிற இதே கைதான்.

பச்சைப் புடவை

அம்மாவை அதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. பதினைந்து வயதில் கப்பலேறி இந்த ஊருக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து அடுப்பு, கிணறு, சந்தை, கோயில். படம் பிடிக்கிற கடை வாசலில் நின்று, உள்ளே மாட்டியிருக்கும் முகங்களைப் பார்ப்பாள். இதில் செத்தவர்கள் யார், இருப்பவர்கள் யார் என்று கேட்பாள். அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும்.

படம் உண்டு என்று முடிவானதும் அவளுக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. எடுக்கிற நேரத்தில் கண்ணை மூடிவிட்டால் என்ன ஆகும்? மூடிய கண்ணோடே விழுந்துவிடும் என்றேன். அன்றிலிருந்து வேலைக்கு நடுவில் திடீர் திடீரென்று இமைக்காமல் நிற்பாள். தேங்காய் துருவுகிற கை அப்படியே நிற்கும். கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். "இம்புட்டு நேரம் போதுமா?" என்று கேட்பாள். நான் சிரிப்பேன்.

பெட்டியின் அடியிலிருந்து கிளிப்பச்சைப் புடவை ஒன்றை எடுத்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது. இரண்டு தரம்தான் கட்டியிருப்பாள். எனக்கு நேர் பின்னால் நிற்கப் போவதாகச் சொன்னாள். என் தோளில் கை வைக்கலாமா என்று சீனரிடம் கேட்டுச் சொல்லும்படி அப்பாவிடம் சொல்லி வைத்தாள். அப்பா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

சமையலுக்கு அவள் போட்ட திட்டமும் நன்றாகவே இருந்தது. முந்தின நாள் மத்தியானம் சவுராஸ்தா சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், கத்தரிக்காயும் பூசணியும் கூடைக்கணக்கில் மலிவாக வாங்கி வந்தாள். மசாலை அரைத்தாயிற்று. சோற்றை மட்டும் கடைசியில் வடிக்க வேண்டும், சூடாக இருக்க வேண்டும் என்றாள். கோயிலிலிருந்து பெரிய அண்டாவை இரவல் வாங்கினோம். கோயிலில் அதை இரண்டு ஆண்கள் மூங்கில் கொடுத்துத் தூக்கிச் சாய்த்து வடிப்பார்கள். மீனாட்சியக்காவும் தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வதாக அம்மா சொன்னாள்.

கெட்டிமேளம்

கல்யாணத்தன்று பிறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வர வேண்டிய படகு தாமதமாயிற்று. எங்கேயோ இயந்திரக் கோளாறு என்றார்கள். அவர்கள் படகுத்துறையில் இறங்கி, வண்டி பிடித்து, வாசலுக்கு வந்தபோது முகூர்த்தம் முடிய அதிக நேரம் இல்லை. எல்லாம் அவசரம் அவசரமாக நடந்தது.

அம்மா கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து தாரை வார்க்க நின்றாள். பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள், சமைக்கிற வசதிக்குக் கணுக்கால் மேலே தூக்கிச் செருகியிருந்தாள். என் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது அவள் விரல்கள் ஈரமாக இருந்தன. நீர் வார்த்து முடிந்ததும் பின்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். படகு நேரத்தைக் கணக்குப் பண்ணி ஏற்றிய உலை அது. சோறு வெந்து நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் குழைந்துவிடும்.

தாலி கட்ட இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. இறக்கி வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பாள். போனாள். மீனாட்சியக்காவும் பின்னாலேயே போனாள்.

அங்கே நடந்ததை மீனாட்சியக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். ஒரு தரம் இல்லை, பல தரம் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் தன் காதைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் அண்டாவைப் பிடிக்கக் குனிந்த நேரத்தில் தவில் சத்தம் மாறியது. மீனாட்சியக்கா நிமிர்ந்து பந்தல் பக்கம் பார்த்தாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது, என்னைத் தூக்கி வளர்த்தவள்.

"நீ போய்ப் பாரு புள்ள. நான் வடிச்சிட்டு வந்துர்றேன்," என்றாளாம் அம்மா.

மீனாட்சியக்கா ஓடி வந்துவிட்டாள். நான் தலை குனிந்திருந்தபோது கண்ணில் பட்ட பாதங்களில் அவளுடையதும் இருந்தன. மேளம் பெரிதாக எழுந்தது. அட்சதை விழுந்தது. அம்மா தனியாக அண்டாவைச் சாய்த்தது அப்போதுதான். அண்டாவின் வாயில் கட்டியிருந்த துணி நழுவியது. கொதிக்கிற கஞ்சி முழங்காலுக்குக் கீழே இடது காலில் கொட்டியது.

அவள் கத்தியிருக்கலாம். கெட்டிமேளம் கொட்டும்போது எதுவும் காதில் விழாது. விழக்கூடாது என்பதற்குத்தானே அதைக் கொட்டுகிறார்கள்.

அண்டாவை அவள் விடவில்லை. சோறு ஒரு பருக்கைகூடத் தரையில் சிந்தவில்லை. பிறகு காலில் தேங்காய் எண்ணெயைத் தடவி, பழந்துணியைச் சுற்றி, செருகியிருந்த புடவையை இறக்கி விட்டுக்கொண்டு, ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். படத்துக்குக் கூப்பிட மீனாட்சியக்கா வந்தபோது அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் நிற்க முடியாது, தலை சுற்றுகிறது, நீங்கள் எடுங்கள் என்றாள். காலைக் காட்டவில்லை.

அதனால்தான் வாசலில் சீனர் கேட்ட கேள்விக்கு அப்பா அப்படிப் பதில் சொன்னார். அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் சூரியன் நகர்கிறது, பிளேட் ஒன்றுதான், சீனர் கிளம்பிவிடுவார் என்பது.

பந்தி நன்றாக நடந்தது. சித்தப்பா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். சோறு மல்லிகைப்பூ மாதிரி இருக்கிறது, எந்தச் சமையற்காரர் என்று அப்பாவிடம் கேட்டார். நானும் என் கணவரும் ஓர் இலையில் உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டோம். நல்ல பசி. நான் நிறையவே சாப்பிட்டேன்.

சாயங்காலப் படகுக்கு நாங்கள் கிளம்பினோம். அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கன்னத்தைத் தொட்டாள். மகளைப் பிரிகிற துக்கத்தில் தூணைப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ரிக்‌ஷா திரும்புகிற வரை கையை ஆட்டினேன்.

மறுவீடு

மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. அம்மா பாயில் படுத்திருந்தாள். கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது. எண்ணெய்த் துணியைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அப்பா சுண்ணாம்புத் தெளிவும் எண்ணெயும் குழைத்துப் போட்டிருந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அம்மா மறுத்துக்கொண்டே இருந்தாளாம். கல்யாணம் முடிந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், வந்த மருமகனுக்கு ராசி இல்லை என்று பேசுவார்கள் என்றாளாம்.

என் கணவர்தான் அவளைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார். மூன்று நாள் பழகிய மாமியாரை.

அதன் பிறகு நான் தினமும் படகேறினேன். காலையில் அவருக்குச் சமைத்து வைத்துவிட்டுப் பிறையிலிருந்து வருவேன். சாயங்காலம் திரும்புவேன். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. படகில் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். புதுப்பெண் தாய்வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை. கால் முதலில் சிவந்து, பிறகு நிறம் மாறிக்கொண்டே போயிற்று. வைத்தியர்கள் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். இன்றைக்குக் கிடைக்கிற மருந்து அன்றைக்கு இல்லை.

ஒருநாள் படம் தயாராகிவிட்டது என்று அப்பா வாங்கி வந்தார். அட்டையில் ஒட்டிய ஒரே படம். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், அதனால் கையில் கொடுத்தோம். ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள்.

"எல்லாரும் கண்ணத் தொறந்துதான் இருக்கீங்க," என்றாள். பிறகு, "நான் நின்னிருந்தா மீனாட்சிக்கு எடமில்லாமப் போயிருக்கும்," என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. அப்பா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து, சமைக்க ஆள் வேண்டாம் என்று சொன்னது நான்தானே, என்னால்தானே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது திட்டுவாள் என்று. இரண்டில் ஒன்று கிடைத்திருந்தால் இத்தனை வருஷம் அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"சோறு கொழையல இல்ல?"

இல்லை என்றேன். தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு தெளிவாக அவள் பேசவில்லை. ஐந்தாம் வாரம் ஒரு காலையில், நான் படகில் இருந்தபோது, போய்விட்டாள்.

கரியில் எழுதிய முகம்

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைத்துக் கும்பிட வேண்டும். எங்களிடம் படம் இல்லை. ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டோம்.

அதன் பிறகு அப்பா யாரிடமும் சொல்லாமல் அந்தச் சீனரின் கடைக்குப் போயிருக்கிறார். அன்றைக்கு வேறு ஏதாவது பிளேட்டில், ஓரத்திலாவது, பின்கட்டில் நின்ற பெண் ஒருத்தி விழுந்திருக்கிறாளா என்று கேட்டிருக்கிறார். பிளேட் ஒன்றுதான், முதலாளி, நீங்கள்தானே ஒன்று போதும் என்றீர்கள் என்று சீனர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அப்பாவை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கடையில் கரித்தூளால் முகம் எழுதுகிற ஒரு கிழவர் இருந்தார். சின்னப் படத்தைப் பார்த்துப் பெரிதாக எழுதுவது அவர் தொழில். படமே இல்லாமல் எழுத முடியுமா என்று அப்பா கேட்டார். ஜாடை உள்ளவர் யாராவது வந்து உட்கார்ந்தால் பார்க்கலாம் என்றாராம்.

நான் போய் உட்கார்ந்தேன். கிழவர் மலாயில் கேட்டார், அப்பா பதில் சொன்னார். நெற்றி இந்தப் பெண்ணுடையதா? ஆமாம். மூக்கு? இதைவிடக் கூர்மை. உதடு? அப்பா யோசித்தார். பத்தொன்பது வருஷம் கூட இருந்தவர், உதட்டைப் பற்றிச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தன் உதட்டையே தொட்டுக்கொண்டார்.

கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. இடது பக்கம் என்றார் அப்பா. வலது என்றேன் நான். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்த பக்கத்தைச் சொல்கிறாரா, அவளுடைய பக்கத்தைச் சொல்கிறாரா என்று குழப்பம் வந்தது. நான் சொன்னதிலும் அதே குழப்பம் இருந்தது. இரண்டு பேரும் மாறி மாறி எங்கள் கன்னத்தைத் தொட்டுக்காட்டினோம். கிழவர் பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் மச்சமே வைக்கவில்லை.

புடவை என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றார் அப்பா. கரியில் பச்சை ஏது?

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த அம்மாவின் தோட்டை விற்றுத்தான் அதற்குக் கூலி கொடுத்தார். மூன்று பிளேட் எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட அது அதிகம். இதை அவரும் அறிவார், நானும் அறிவேன்.

படம் வீட்டுக்கு வந்த அன்று காகிதத்தைப் பிரித்தோம். அழகான பெண். கூர்மையான மூக்கு, என் நெற்றி, கொஞ்சம் சீனக் களை கலந்த கண்கள். அமைதியாக என்னைப் பார்த்தாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இது அம்மா இல்லப்பா," என்றேன்.

அப்பா ஆணி அடித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும். தங்கவேலுக்குத் தெரியாது," என்றார்.

தங்கவேலு என் தம்பி. கல்யாணப் படத்தில் மூக்கைத் துடைத்துவிட்டோமே, அவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. அவனுக்கு அப்போது மூன்று வயது. அப்பா அவனைத் தூக்கி, படத்துக்கு நேராகக் காட்டி, இதுதான் அம்மா என்றார். அவன் கும்பிட்டான்.

தங்கவேலுவின் வீடு

அப்பா போய் வெகு காலம் ஆயிற்று. மீனாட்சியக்காவும் இல்லை. என் கணவரும் போன வருஷம் போய்விட்டார். அம்மாவின் முகம் இன்னதென்று தெரிந்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

படம் தங்கவேலுவின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. அவனுக்கு ஐம்பது நெருங்குகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை போடுகிறான். அம்மாவைத் தனக்கு நினைவிருக்கிறது என்று சொல்வான். சின்ன வயதில் தன்னை மடியில் வைத்துச் சோறு ஊட்டியபோது அண்ணாந்து பார்த்த முகம், அப்படியே இந்த முகம்தான் என்பான். அவன் மகளைப் போன மாதம் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களில் ஓர் அம்மாள் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாட்டியை உரித்து வைத்திருக்கிறது என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதற்கு முன் எழுதாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களாக, நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவை நினைக்க உட்கார்ந்தால் படத்துப் பெண்தான் வருகிறாள். முறத்தில் அரிசி புடைக்கிறவளும் அவளே. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அவளே கிடக்கிறாள். பச்சைப் புடவைகூடக் கறுப்பாகிவிட்டது. மச்சம் எந்தப் பக்கம் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

போ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீ யாரோ, நகர்ந்துகொள், உனக்குப் பின்னால் இருப்பவளை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் நகர்ந்தாள். பின்னால் யாரும் இல்லை.